ஆமினஸ்: கோழி தின்னாத தீனியும் ஒரு வார்த்தையின் கதையும்

1976-ல் வெளியான 'தி ஓமென்' என்ற ஹாலிவுட் பேய்ப்படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 2006-ல் அதையே திரும்ப எடுத்து, வேண்டுமென்றே ஜூன் 6-ஆம் தேதி, அதாவது 6-6-06 அன்று ரிலீஸ் செய்தார்கள். தமிழில் 1991-ல் வந்த 'ஜென்ம நட்சத்திரம்' அதே கதைதான். அந்த ஓமென் என்ற பெயர்ச்சொல்லிலிருந்து பிறந்ததுதான் 'ஆமினஸ்' என்ற ஆங்கில வார்த்தை. (வளைகுடா நாடான ஓமனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!)

அகராதியைப் புரட்டினால் 'கேடு வரப்போவதைக் காட்டுகிற', 'தீய அறிகுறியான' என்று பொருள் போட்டிருக்கும். ஆபத்தான என்பதும் ஆமினஸ் என்பதும் ஒன்றல்ல. வெள்ளம் ஆபத்தானது. வெள்ளம் வருவதற்கு முன்னால் வானம் கறுத்து, காற்று நின்று, பறவைகள் அடங்கிப் போகும் அந்தப் பத்து நிமிஷம் ஆமினஸ். கம்பெனி திவாலாவது ஆபத்து. அதற்கு ஆறு மாதம் முன்பு ஆடிட்டர் காரணம் சொல்லாமல் ராஜினாமா செய்வது ஆமினஸ். கெட்டது இன்னும் நடக்கவில்லை, ஆனால் வாசல் வரை வந்துவிட்டது. இதுதான் அந்த வார்த்தையின் இடம்.

இதோடு விட்டுவிடலாம். ஆனால் இந்த வார்த்தையின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் ஒரு வேடிக்கை இருக்கிறது. லத்தீனில் 'ஓமென்' என்பது கெட்டதே கிடையாது! அது நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். அதைவிட முக்கியம், கேட்டவர் அதை ஏற்றுக்கொள்ளலாம், வேண்டாம் என்று தள்ளியும் விடலாம். இன்றைய ஆங்கில வார்த்தையில் அந்த நல்ல பக்கமும் இல்லை, தள்ளிவிடும் உரிமையும் இல்லை.

வாயிலிருந்து வந்த வார்த்தை

கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த வாரோ என்ற ரோமானிய அறிஞர், ஓமென் என்பதன் பழைய வடிவம் 'ஓஸ்மென்' என்றும், 'ஓஸ்' என்றால் வாய் என்பதால் வாயிலிருந்து வந்த சொல்லே ஓமென் என்றும் எழுதினார். இன்றைய மொழியியல் அறிஞர்கள் எல்லோரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் ரோமானியர்கள் அந்த வார்த்தையைப் பயன்படுத்திய விதத்துக்கு இது பொருந்துகிறது. யாரோ, எதையோ நினைத்து, எதற்கோ சொன்ன ஒரு சொல் நம் காதில் விழுகிறது. நம் மனதில் ஓடும் விஷயத்துக்கு அது பதில் போல அமைந்துவிடுகிறது. அதுதான் அசல் ஓமென்.

தமிழ் படித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நம்மிடம் இதற்கென்றே 'விரிச்சி' என்று ஒரு சொல் இருக்கிறது. முல்லைப்பாட்டில் முதிய பெண்கள் ஊருக்கு வெளியே போய் நெல்லும் பூவும் தூவி நிற்கிறார்கள். அங்கே ஓர் இடைப்பெண், பசியில் தவிக்கும் கன்றிடம் உன் தாய் வந்துவிடுவாள் என்று சொல்வது காதில் விழுகிறது. போருக்குப் போன தலைவன் வருவான் என்று அதை நற்சொல்லாக எடுத்துக்கொள்கிறார்கள். ரோமானியனிடம் இந்தக் காட்சியைக் காட்டினால் உடனே ஓமென் என்று சொல்லியிருப்பான்.

காதில் விழுவது ஓமென் என்றால், கண்ணால் பார்க்கும் பறவைக் குறி 'ஆஸ்பிஷியம்'. 'ஆவிஸ்' என்றால் பறவை. பறவை பார்த்தல் என்பதுதான் அதன் பொருள். சகுனம் என்ற சொல்லும் சமஸ்கிருதத்தில் பறவையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பழந்தமிழில் 'புள்' என்றாலும் பறவை, சகுனம் இரண்டும்தான். எங்கெங்கோ இருந்தவர்கள் ஒரே மாதிரி மரத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள்!

ரோமில் இது பாட்டி வைத்தியம் போல வீட்டோடு நின்ற சமாச்சாரம் அல்ல, அரசாங்க வேலை. 'ஆகர்' எனப்படும் குறி பார்க்கும் அதிகாரிகளுக்கு ஒரு சபையே இருந்தது. தேர்தல், சட்டம், போர் எதுவானாலும் முதலில் குறி பார்த்தாக வேண்டும். இன்று புதுக் கட்டடத்தைத் திறக்கும்போது சொல்லும் 'இனாகுரேஷன்' என்ற வார்த்தைக்குள் அந்த ஆகர்தான் உட்கார்ந்திருக்கிறார்.

கடலில் விழுந்த கோழிகள்

படையெடுத்துப் போகும்போது வானத்தில் பறவை வரும்வரை காத்திருக்க முடியுமா? அதனால் கையோடு கூண்டில் கோழிகளைக் கொண்டு போனார்கள். அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். போருக்கு முன் கூண்டைத் திறந்து தீனி போடுவார். கோழி ஆவலோடு கொத்தி, அலகிலிருந்து தீனி சிந்தும்படி தின்றால் சகுனம் பிரமாதம். தின்னாவிட்டால் போர் தள்ளிவைக்கப்படும்.

கி.மு. 249. ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் நடந்த முதல் பியூனிக் போர். சிசிலித் தீவின் மேற்குக் கரையில் திரெபானா துறைமுகம் (இன்றைய டிராபானி). ரோமானியக் கடற்படைக்குத் தலைமை தாங்கியவர் பப்ளியஸ் கிளாடியஸ் புல்கர். தீனி போட்டார்கள், கோழிகள் தொடவில்லை. கிளாடியஸுக்குக் கோபம். தின்னாவிட்டால் குடிக்கட்டும் என்று சொல்லி அத்தனையையும் கடலில் எறியச் சொல்லிவிட்டார்! அன்று நடந்த சண்டையில் கார்த்தேஜ் தளபதி அதர்பால் 93 ரோமானியக் கப்பல்களைப் பிடித்தார். கிளாடியஸ் ஏறத்தாழ 30 கப்பல்களோடு தப்பி ஓடினார்.

அதே வருடம் இன்னொரு கான்சலான ஜூனியஸும் புயலில் தன் கப்பல்களை இழந்தார். அவரும் சகுனத்தை மதிக்கவில்லை என்று பேச்சு. அவருடைய முழுப்பெயர் லூசியஸ் ஜூனியஸ் புல்லஸ். லத்தீனில் புல்லஸ் என்றால் கோழிக்குஞ்சு! வரலாற்றுக்கும் சில சமயம் நகைச்சுவை உணர்வு வந்துவிடுகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்தப் போரைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள விரிவான பதிவு கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதியது. அதில் கோழியே இல்லை. அவர் சொல்லும் காரணம் வேறு. ரோமானியக் கப்பல்கள் குறுகிய துறைமுகத்துக்குள் நுழைந்து, திரும்ப வழியில்லாமல் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. கடைசியில் கரையை ஒட்டி அணிவகுத்ததால் பின்வாங்க இடமில்லை. எதிரிக்கோ பின்னால் திறந்த கடல். கோழிக் கதையைச் சொல்பவர்கள் சிசரோ முதலிய பிற்கால ஆசிரியர்கள். கோழி நிஜமாகவே கடலில் விழுந்திருக்கலாம். ஆனால் 93 கப்பல் போனது கப்பலோட்டிய விதத்தால். தோல்விக்குப் பிறகு யுத்த தந்திரத்தைப் பற்றிப் பேசுவதைவிடக் கோழியைப் பற்றிப் பேசுவது எல்லோருக்கும் வசதியாக இருந்திருக்கும்.

கிளாடியஸ் மீது ரோமில் வழக்குப் போட்டார்கள். விசாரணையின்போது திடீரென்று மழை கொட்டியது. கெட்ட சகுனம் என்று சபை கலைந்தது. சகுனத்தை அவமதித்தவரை ஒரு சகுனமே காப்பாற்றியது! (பிறகு வேறொரு வழக்குப் போட்டு அபராதம் வசூலித்துவிட்டார்கள்.) கி.மு. 246-ல் அவருடைய சகோதரி கிளாடியா, கூட்ட நெரிசலில் மாட்டிக்கொண்ட எரிச்சலில், என் தம்பி உயிரோடிருந்து இன்னொரு கப்பற்படையைத் தோற்றால் இந்தக் கூட்டமாவது குறையுமே என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். அந்தப் பேச்சுக்காக அவருக்கும் அபராதம். வாயிலிருந்து வந்த சொல்லுக்கு அங்கே அவ்வளவு எடை.

காமர்ஸ் மாணவர்களுக்காக ஒரு சின்ன இடைச்செருகல். இந்தத் தோல்விகளுக்குப் பிறகு ரோம் பல வருடம் பெரிய கடற்படை எதையும் இறக்கவில்லை. கஜானா காலி. கடைசியில் பணக்காரர்கள் தனியாகவோ, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்தோ ஆளுக்கொரு கப்பல் கட்டிக் கொடுத்தார்கள். ஜெயித்தால் அசல் திரும்ப வரும் என்பது ஏற்பாடு. அப்படி 200 கப்பல் தயாரானது. கி.மு. 241-ல் அந்தக் கடற்படைதான் போரை முடித்தது. பணத்தைப் போட்டவர்கள் கோழியை நம்பிப் போட்டிருக்க மாட்டார்கள்.

பொய்ச் சகுனம் செல்லுமா?

இதற்கு 44 வருடம் முன்பு, கி.மு. 293-ல் நடந்ததாக லிவி எழுதும் ஒரு சம்பவம் இன்னும் ருசியானது. அக்விலோனியாவில் சாம்னைட் மக்களுக்கு எதிரான போர். ரோமானியத் தளபதி பாப்பிரியஸ் கர்சர். வீரர்கள் எல்லோரும் சண்டைக்குத் துடித்துக்கொண்டிருந்தார்கள். கோழி தின்னவில்லை. ஆனால் இருந்த உற்சாகத்தைக் கெடுக்க மனமில்லாத கோழிக்காரர், பிரமாதமாகத் தின்றன என்று பொய் சொல்லிவிட்டார். விஷயம் கசிந்து தளபதியின் காதுக்கு வந்தது.

பாப்பிரியஸ் என்ன செய்தார்? எனக்கு நல்ல சகுனம் என்று அறிவிக்கப்பட்டது, எனவே ரோமுக்கு அது நல்ல சகுனமே, பொய் சொன்னதன் பாவம் சொன்னவன் தலையில் என்றார். கோழிக்காரர்களைக் கொண்டுபோய் முதல் வரிசையில் நிறுத்தினார். சண்டை தொடங்கும் முன்பே எங்கிருந்தோ வந்த ஈட்டி பொய் சொன்னவர் மேல் பாய்ந்தது. பாப்பிரியஸ் அதையும் விடவில்லை, குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்துவிட்டது, தெய்வங்கள் நம் பக்கம் என்று அறிவித்தார். ரோம் ஜெயித்தது.

கோழி நிஜமாகத் தின்றதா என்பது கேள்வியே இல்லை. அதிகாரபூர்வமாக என்ன சொல்லப்பட்டது, கேட்டவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதுதான் கணக்கு. கிட்டத்தட்ட கையெழுத்தான பேலன்ஸ் ஷீட் மாதிரி!

இப்படி ஒரு ஓட்டை இருந்தால் அரசியல்வாதிகள் சும்மா இருப்பார்களா? கி.மு. 59-ல் ஜூலியஸ் சீசரும் பிபுலஸும் கான்சல்கள். இருவருக்கும் ஆகாது. சீசரின் நிலச் சட்டத்தை எதிர்க்கப் போன பிபுலஸ் தலையில் சாணக்கூடையைக் கவிழ்த்தார்கள். அவர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு நாளும் நான் வானத்தில் குறி பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அறிவிப்பு அனுப்பத் தொடங்கினார். வானத்தில் குறி பார்க்கப்படும் நாளில் மக்கள் சபை கூடக்கூடாது என்பது மரபு. அதாவது, ஒரே ஆள் வீட்டுக்குள்ளிருந்தபடி முழு வருடத்தையும் செல்லாததாக்கப் பார்த்தார்! சீசர் கண்டுகொள்ளவில்லை, சட்டங்களை நிறைவேற்றினார். இது பிபுலஸும் சீசரும் ஆண்ட வருடமல்ல, ஜூலியஸும் சீசரும் ஆண்ட வருடம் என்று ஊரார் கிண்டலடித்தார்கள். ஆனால் அந்தச் சட்டங்கள் செல்லுமா செல்லாதா என்ற சந்தேகம் அதோடு தீரவில்லை. மறுவருடம் கி.மு. 58-ல், இப்படிக் குறி சொல்லிச் சபையை முடக்கும் வழக்கத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தவர் பெயர் பப்ளியஸ் கிளாடியஸ் புல்கர். ஆம், கோழியைக் கடலில் போட்டவரின் அதே வம்சம், அதே பெயர்.

அத்திப்பழமா, எச்சரிக்கையா?

கி.மு. 55-ன் கடைசியில், ரோமின் பெரும் பணக்காரர் கிராசஸ், பார்த்தியர்கள் மீது படையெடுக்கக் கிளம்பினார். அந்தப் போருக்கு அவருடைய பேராசையைத் தவிர வேறு காரணம் சொல்வது கஷ்டம். அடேயஸ் கபிடோ என்ற மக்கள் பிரதிநிதி கெட்ட சகுனங்களை அறிவித்துத் தடுக்கப் பார்த்தார். முடியவில்லை. நகர வாசலில் கணப்புச் சட்டியை வைத்து, தூபம் போட்டு, உரக்கச் சாபமிட்டார்.

கிராசஸ் துறைமுகத்தில் கப்பலேறும்போது ஒரு பழ வியாபாரி 'கௌனேயாஸ்!' என்று கூவிக்கொண்டிருந்தான். கௌனஸ் ஊர் அத்திப்பழம் என்று அதற்குப் பொருள். வேகமாகச் சொன்னால் 'கவே நே எயாஸ்', அதாவது 'ஜாக்கிரதை, போகாதே' என்று கேட்கும். கிராசஸ் கவனிக்கவில்லை. கி.மு. 53-ல் கார்ஹே என்ற இடத்தில் (இன்றைய துருக்கியின் ஹர்ரான்) கிட்டத்தட்ட 20,000 ரோமானிய வீரர்கள் செத்தார்கள், 10,000 பேர் சிறைப்பட்டார்கள் என்கிறார் புளூடார்க். கிராசஸும் அவர் மகனும் திரும்பவில்லை.

இதை எழுதி வைத்த சிசரோவின் கருத்து கேட்கத்தக்கது. இதையெல்லாம் பொருட்படுத்தினால் கால் இடறுவது, செருப்பு வார் அறுவது, தும்முவது எல்லாவற்றையும் பொருட்படுத்த வேண்டியதுதான் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். (நம் ஊரில் தும்மல் கேட்டதும் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவர்கள் கவனிக்க!) கூண்டுக் கோழி பற்றியும் அவர் விடவில்லை. பட்டினி போட்ட கோழிக்குத் தீனி போட்டால் அது தின்னாமல் என்ன செய்யும், இதில் தெய்வத்துக்கு என்ன வேலை என்று கேட்டார். வேடிக்கை என்னவென்றால் இவ்வளவும் சொன்ன சிசரோவே ஒரு ஆகர். அந்தப் பதவி அவருக்கு எப்படிக் கிடைத்தது? கார்ஹேயில் செத்துப்போன கிராசஸின் மகன் வகித்த இடம் காலியானதால்!

சாபமிட்ட அடேயஸ் கதை இன்னும் மோசம். கி.மு. 50-ல் சென்சார் பதவியிலிருந்த ஒருவர், நீ அறிவித்தது பொய்ச் சகுனம், அதனால்தான் நாட்டுக்கு இந்தப் பேரழிவு என்று அடேயஸுக்குக் கரும்புள்ளி குத்தினார். அந்த அதிகாரியின் பெயர் ஆப்பியஸ் கிளாடியஸ் புல்கர், மேலே சொன்ன சட்டக்காரரின் அண்ணன். சிசரோவின் நூலிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. எச்சரிக்கை பொய் என்றால் அதை மீறியதால் எப்படி அழிவு வரும்? உண்மை என்றால் தவறு மீறியவருடையது அல்லவா? 20,000 பேரைக் கொண்டுபோய்ப் பாலைவனத்தில் தொலைத்தவரை விட்டுவிட்டு, போகாதே என்றவரைப் பிடித்தார்கள். ஓமென் என்ற வார்த்தையின் வரலாற்றில் இதைவிட ஆமினஸான இடம் கிடையாது.

சர்க்கரையும் கழுவலும்

நம் வீடுகளில் யாராவது நல்ல வார்த்தை சொன்னால் 'உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்' என்போம். கெட்டது சொன்னால் 'வாயைக் கழுவு' என்போம். ரோமானியர்களிடம் இந்த இரண்டுக்கும் முறைப்படியான ஏற்பாடு இருந்தது.

சர்க்கரைக்கு உதாரணம் எமிலியஸ் பவுலஸ். மாசிடோனிய மன்னன் பெர்சியஸுக்கு எதிரான போரை நடத்தும் பொறுப்பு கிடைத்த அன்று வீடு திரும்புகிறார். சின்ன மகள் டெர்ஷியா அழுதுகொண்டிருக்கிறாள். ஏனம்மா என்றால், பெர்சா செத்துப்போச்சு என்கிறாள். பெர்சா அவள் வளர்த்த நாய்க்குட்டி. அவர் குழந்தையை இறுக அணைத்துக்கொண்டு, இந்த ஓமெனை ஏற்றுக்கொள்கிறேன் என்றார். கி.மு. 168-ல் பிட்னா போரில் பெர்சியஸ் வீழ்ந்தான். (மறு வருடம் பவுலஸின் வெற்றி ஊர்வலம் நடப்பதற்கு ஐந்து நாள் முன்பு அவருடைய ஒரு மகனும், மூன்று நாள் பின்பு இன்னொரு மகனும் இறந்தார்கள். 14 வயது, 12 வயது.)

குறியைத் திருப்பிப் போடுவதிலும் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். ஆப்பிரிக்கக் கரையில் இறங்கும்போது தடுக்கி விழுந்த ஜூலியஸ் சீசர், தரையைப் பிடித்துக்கொண்டு, ஆப்பிரிக்காவே உன்னைப் பிடித்துவிட்டேன் என்றாராம். மார்செல்லஸ் என்ற ஐந்து முறை கான்சலான தளபதி, முக்கியமான காரியம் இருந்தால் மூடிய பல்லக்கில் போவார். பார்த்தால்தானே சகுனம்? பார்க்காவிட்டால் இல்லை!

ஊர்ப் பெயர்களையும் கழுவினார்கள். இத்தாலியில் மலெவென்டம் என்ற ஊர். லத்தீன் காதுக்கு 'கெட்ட வரவு' என்று கேட்கும். கி.மு. 268-ல் அங்கே குடியேற்றம் அமைத்தபோது பெனெவென்டம், 'நல்வரவு' என்று மாற்றினார்கள். இன்றும் அது பெனெவென்டோதான். கடலுக்கு அப்பால் எபிடாம்னஸ் என்ற ஊரில் 'டாம்னம்', அதாவது நஷ்டம் என்ற ஒலி இருந்ததால் டிராக்கியம் என்றே அழைத்தார்கள். அல்பேனியாவின் டுரஸ் நகரம் அதுதான்.

அரசாங்க வருமானங்களைக் குத்தகைக்கு விடும்போது பட்டியலில் முதலில் வருவது லுக்ரினஸ் ஏரி. காரணம் ஏரியின் பெருமையல்ல, 'லுக்ரம்' என்றால் லாபம்! நம் ஊர்க் களத்தில் நெல் அளக்கும்போது 'ஒன்று' என்பதற்குப் பதில் 'லாபம்' என்று தொடங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். லாப நஷ்டக் கணக்கு எழுதுகிறவர்கள் எந்தக் காலத்திலும் ஒரே மாதிரிதான் போல.

கெட்ட ஓமெனை வேண்டாம் என்று தள்ளுவதற்கு லத்தீனில் ஒரு வினைச்சொல் இருந்தது: 'அபாமினாரி'. 'ஆப்' என்றால் அப்பால். இந்தக் குறி என்னை விட்டு அப்பால் போகட்டும் என்பதுதான் அது. இதிலிருந்துதான் ஆங்கிலத்தின் 'அபாமினபிள்', அருவருக்கத்தக்க என்ற சொல் வந்தது. இடைக்காலத்தில் எழுதுகிறவர்கள் இது 'ஹோமோ', மனிதன் என்ற சொல்லிலிருந்து வந்தது, மனிதத்தன்மையற்ற என்று பொருள் என நினைத்து நடுவில் ஒரு 'ஹெச்' சேர்த்து எழுதினார்கள். அந்த ஹெச்சை உச்சரித்தே தீர வேண்டும் என்று அடம்பிடிக்கும் ஒரு வாத்தியாரை ஷேக்ஸ்பியர் தன் நாடகத்தில் நன்றாகக் கேலி செய்திருக்கிறார். ஓமெனைத் தள்ளிவிடும் உரிமை ஆங்கிலத்துக்கு வந்தபோது வெறும் திட்டாக வந்து சேர்ந்தது. 1921-ல் கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இமயமலைப் பனிமனிதனுக்கு அந்தச் சொல்லைச் சூட்டினார்கள். ஓமென் எங்கே, பனிமனிதன் எங்கே!

இங்கிலாந்துக்கு வந்த கதை

இந்த வார்த்தை வருவதற்கு முன்பே இங்கிலாந்துக்குக் குறிகள் வந்துவிட்டன. 1066 ஏப்ரலில் ஹாலி வால்நட்சத்திரம் தெரிந்தது. அந்த வருடப் போரைத் துணியில் தைத்த சுமார் 70 மீட்டர் நீள பாயோ சித்திரத்தில், மக்கள் அதைச் சுட்டிக்காட்டி வியப்பதையும், பக்கத்தில் மன்னர் ஹெரால்ட் கலங்கி இருப்பதையும் காணலாம். அதே நட்சத்திரம் கடலுக்கு அந்தப் பக்கம் வில்லியமுக்கும்தான் தெரிந்தது. அக்டோபர் 14-ல் ஹேஸ்டிங்ஸில் ஹெரால்ட் இறந்ததால் அது ஹெரால்டுக்கான குறி என்று முடிவானது. வில்லியம் தோற்றிருந்தால் அது அவருக்கான குறி ஆகியிருக்கும். வில்லியமும் இங்கிலாந்துக் கரையில் இறங்கும்போது தடுக்கி விழுந்து மண்ணைப் பிடித்து எழுந்தார் என்று ஒரு கதை உண்டு. சீசர் கதையின் காப்பி வாசனை பலமாக அடிக்கிறது.

ஓமென், ஆமினஸ் இரண்டும் ஆங்கில எழுத்தில் தலைகாட்டியது 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில். ரோமானிய வரலாறுகள் ஆங்கிலமான காலம் அது. புளூடார்க் 1579-லும் லிவி 1600-லும் ஆங்கிலத்தில் வந்தன. ஷேக்ஸ்பியர் 'ஹாம்லெட்'டில் ட்ராய் நகரத்து மரக்குதிரைக்கு இந்த அடைமொழியைக் கொடுத்தார். வெளியே பரிசு, உள்ளே படை. பொருத்தம்தான்.

ஆனால் அப்போதும் அதன் நல்ல பக்கம் முழுசாகச் சாகவில்லை. பிரான்சிஸ் பேக்கன் 1622-ல் எழுதிய ஏழாம் ஹென்றி வரலாற்றில், சமாதானம் பேச வந்த போப்பின் தூதர் ஒருவர் வருகிறார். அவர் 'கன்கார்டியா' என்ற ஊரின் பிஷப். கன்கார்டியா என்றால் லத்தீனில் ஒற்றுமை. சமாதானத்துக்கு இதைவிட நல்ல 'ஆமினஸ்' பெயர் கிடைக்காது, ஆனாலும் காரியம் நடக்கவில்லை என்கிறார் பேக்கன். ராசியான பெயர் என்ற அர்த்தத்தில்! 1755-ல் சாமுவேல் ஜான்சன் அகராதி தொகுத்தபோது இந்த வார்த்தைக்கு இரண்டு பொருள் கொடுத்தார். முதல் பொருள், கேட்டைக் காட்டுவது. இரண்டாவது, நல்லதோ கெட்டதோ எதையாவது முன்கூட்டிக் காட்டுவது. அந்த இரண்டாவது பொருளுக்கு அவர் எடுத்துக்காட்டியது பேக்கனின் இதே பிஷப்பைத்தான். அதற்குப் பிறகு அந்த அர்த்தம் வழக்கொழிந்துவிட்டது.

ஏன்? பறவை பார்க்கும் ஆஸ்பிஷியத்திலிருந்து வந்த 'ஆஸ்பிஷியஸ்' என்ற சொல் நல்ல பக்கத்தை எடுத்துக்கொண்டது. கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கிறோமே, அதேதான். ஆமினஸுக்கு மிச்சம் கெட்டது. இன்னொரு காரணமும் சொல்லலாம். நல்ல குறி பலித்தால் அது நம் திறமை. கெட்டது நடந்தால்தான், அன்றே அந்தக் கோழி தின்னவில்லையே என்று பின்னோக்கித் தேடுகிறோம். (மேலே சொன்ன படத்துக்குத் தமிழில் நட்சத்திரப் பெயர் வைத்ததும் ஒருவகையில் சரிதான். பேரழிவைக் குறிக்கும் 'டிசாஸ்டர்' என்ற சொல்லே கெட்ட நட்சத்திரம் என்ற பொருளில் பிறந்தது.)

இப்போது யாரும் கோழிக்கூண்டைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. ஆனால் பங்குச் சந்தையில் 'ஹிண்டன்பர்க் ஓமென்' என்று ஒன்று உண்டு. 1937 மே 6 அன்று அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் எரிந்து 36 பேரைப் பலிகொண்ட ஜெர்மானிய ஆகாயக் கப்பலின் பெயர் அது. நியூயார்க் சந்தையில் ஒரே நாளில் ஏராளமான பங்குகள் வருடத்தின் புதிய உச்சத்தையும், ஏராளமான பங்குகள் புதிய பாதாளத்தையும் தொட்டு, இன்னும் சில நிபந்தனைகளும் சேர்ந்தால் சரிவு வரும் என்று சொல்வார்கள். 2010 ஆகஸ்டில் அந்தக் குறி தோன்றியது. பத்திரிகைகள் அலறின. பயந்து விற்றவர்களும் உண்டு. செப்டம்பரில் சந்தை ஏறத் தொடங்கி, வருடக் கடைசி வரை ஏறிக்கொண்டே போனது.